கொரியாவில் வாழும் வெளிநாட்டவரும் கிம்ச்சியும்: நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

கல்விக்காகவோ பணிக்காகவோ தென்கொரியாவிற்குச் சென்று தங்கும் வெளிநாட்டவரிடம் அந்நாட்டு மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்களால் கிம்ச்சி சாப்பிட முடிகிறதா?" அன்போடு கேட்கப்படும் இக்கேள்விக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பதில் கூறுகின்றனர். "முதல் மாதம் அதன் மணமே பிடிக்கவில்லை, இப்போது அது இல்லாமல் சோறு இறங்குவதில்லை" என்பவர்கள் உண்டு. "வயிறு எரிகிறது" என்பவர்களும், "அது மருந்து, எவ்வளவு உண்டாலும் நல்லது" என்பவர்களும், "அது வெறும் உப்பு, தொடவே கூடாது" என்பவர்களும் உண்டு.

உடல்நலத்தோடு இருப்பவருக்கு இவை சுவை பற்றிய கருத்துகள் மட்டுமே. உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், காசநோய் போன்றவற்றிற்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டே வெளிநாட்டில் வாழும் ஒருவர் இக்கருத்துகளில் ஒன்றை நம்பி நடந்தால், அவரது சிகிச்சையே தடம் மாறக்கூடும். ஆகவே, நீங்கள் கொரியாவில் வாழ்பவராகவோ, அங்கு செல்லவிருப்பவராகவோ, அங்கிருக்கும் ஒருவரின் உடல்நிலையைத் தமிழ்நாட்டிலிருந்து கவனித்துவரும் குடும்பத்தினராகவோ இருந்தால், இப்பக்கத்தில் உள்ள விளக்கங்கள் உங்களுக்குப் பயன்படும்.

கிம்ச்சி என்றால் என்ன?

கிம்ச்சி என்பது உப்பிட்டு நொதிக்க வைக்கப்பட்ட காய்கறி ஆகும். நீள்வடிவ முட்டைக்கோஸை உப்பில் ஊறவைத்துக் கழுவி, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாள், முள்ளங்கி ஆகியவற்றோடு கலந்து, பாத்திரத்தில் அழுத்தி மூடி வைப்பது பரவலான செய்முறை. பெரும்பாலான வீடுகளில் இக்கலவையுடன் உப்பில் ஊறிய சிறு இறால் அல்லது நெத்திலி மீன் சாறும் சேர்க்கப்படுகிறது. முள்ளங்கித் துண்டுகளில் செய்வது, வெள்ளரியில் செய்வது, மிளகாய் சேர்க்காத வெள்ளைக் கிம்ச்சி, நீர்த்த சாற்றில் மிதக்கும் கிம்ச்சி எனப் பல வகைகள் உள்ளன.

காய்கறியில் இயற்கையாகவே உள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதன் சர்க்கரையை உண்டு அமிலமாக மாற்றுகின்றன. நம் வீட்டில் இட்லி மாவு புளிப்பதிலும் இதே வகை நுண்ணுயிரிகளுக்குப் பங்கு உண்டு. உப்பும் புளிப்பும் சேர்ந்து, கெடுதல் செய்யும் பல நுண்ணுயிரிகள் பெருகாமல் தடுக்கின்றன. கடுங்குளிர் காலத்தில் பசுங்காய்கறி கிடைக்காத நிலத்தில் மக்கள் கண்டறிந்த சேமிப்பு முறை இது. குளிர்காலம் தொடங்குமுன் உறவினரும் அண்டை வீட்டாரும் கூடிக் கிம்ச்சி தயாரிக்கும் 'கிம்ஜாங்' வழக்கத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2013ஆம் ஆண்டு மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. எனவே, கொரிய நண்பர் உங்கள் தட்டில் கிம்ச்சியை வைக்கும்போது, தம் வீட்டின் மதிப்பான ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறார் என்பதை உணர வேண்டும். அதை மருத்துவக் காரணத்தால் குறைத்து உண்பது அவரை அவமதிப்பது ஆகாது.

வெளிநாட்டவர் கூறும் கருத்துகளும் மருத்துவ உண்மையும்

கருத்து 1: "கிம்ச்சி ஒரு மருந்து; அதிகம் உண்டால் நோய் வராது."

கிம்ச்சியில் நார்ச்சத்தும் உயிர்ச்சத்துகளும் உள்ளன, கலோரி குறைவு. சமைக்காத கிம்ச்சியில் உயிருள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் உள்ளன. காய்கறியே உண்ணாதவர் கிம்ச்சி உண்ணத் தொடங்கினால் அவரது உணவு ஓரளவு மேம்படும். இந்த அளவிற்குப் பாராட்டு பொருந்தும். ஆனால் எந்த நோய்க்கும் சிகிச்சையாகவோ, மாத்திரைக்கு மாற்றாகவோ கிம்ச்சியை ஏற்பதற்குப் போதிய சான்று இல்லை. 2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் பரவியபோது கிம்ச்சி அந்நோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவி அதன் விற்பனையும் உயர்ந்தது. அந்நம்பிக்கை மருத்துவ முறையில் மெய்ப்பிக்கப்படவில்லை. மேலும், கிம்ச்சியைக் குழம்பாகக் கொதிக்க வைக்கும்போது அதிலுள்ள நன்மை தரும் பாக்டீரியாக்கள் இறந்துவிடுகின்றன. உப்பு மட்டும் குறையாமல் அப்படியே இருக்கிறது.

கருத்து 2: "கிம்ச்சி முழுவதும் உப்பு, ஒரு துண்டும் கூடாது."

இதை எண்களால் பார்ப்பது நல்லது. உணவுப் பொருள்களுக்கான பன்னாட்டுத் தர அமைப்பாகிய கோடெக்ஸ், 2001ஆம் ஆண்டு கிம்ச்சிக்கென வகுத்த தரத்தின்படி, அதில் உப்பு 100 கிராமுக்கு 1 முதல் 4 கிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்குப் பரிந்துரைக்கும் உப்பின் அளவு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவு. உங்கள் கிம்ச்சியில் 100 கிராமுக்கு 2 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். ஒரு சிறு கிண்ணத்தில் 50 கிராம் உண்டால் 1 கிராம் உப்பு உடலில் சேரும். மூன்று வேளையும் அவ்வாறு உண்டால் 3 கிராம். ஒவ்வொரு வேளையும் கிண்ணத்தை மீண்டும் நிரப்பி 100 கிராம் உண்டால் 6 கிராம். அதாவது, மற்ற உணவு எதையும் கணக்கில் சேர்க்காமலே நாளின் வரம்பு கடந்துவிடும்.

இங்கு நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கிம்ச்சியை ஊறுகாயோடு ஒப்பிட்டு, "ஊறுகாயைவிட உப்புக் குறைவாகத்தானே இருக்கிறது" என்று எண்ணிக்கொள்கின்றனர். அது உண்மையே. ஆனால் ஊறுகாயை நாம் விரல் நுனியால் தொட்டுக்கொள்கிறோம். கிம்ச்சியைப் பொரியலைப் போல அள்ளி உண்கிறோம். கொரிய உணவகங்களில் கிம்ச்சி போன்ற துணைக்கறிகள் பெரும்பாலும் தனிக் கட்டணம் இன்றிக் கேட்கும்போதெல்லாம் நிரப்பித் தரப்படுகின்றன. எனவே உண்ட அளவு நமக்கே தெரியாமல் கூடிவிடுகிறது.

அதே வேளையில், பழி முழுவதையும் கிம்ச்சியின் மீது சுமத்துவதும் பொருந்தாது. கொரிய உணவில் உப்பு பெருமளவில் வருவது குழம்பு, சூப், நூடுல்ஸ் சாறு, சோயா விழுதுகள் ஆகியவற்றின் வழியாகவும் ஆகும். அங்குப் பரவலாக விற்கப்படும் உடனடி நூடுல்ஸ் பொட்டலம் ஒன்றில் 1,700 மில்லிகிராம் அளவிற்குச் சோடியம் இருப்பது வழக்கம். இது 4 கிராமுக்கும் மேற்பட்ட உப்புக்குச் சமம். தென்கொரிய அரசே மக்களின் உப்பு நுகர்வைக் குறைக்க 2012 முதல் தேசிய அளவில் முயற்சி மேற்கொண்டு, குறிப்பிடத்தக்க அளவு குறைத்துள்ளது. கிம்ச்சியோடு நூடுல்ஸ் உண்டு அதன் சாற்றையும் குடித்துவிட்டு, "கிம்ச்சியால் அழுத்தம் ஏறியது" என்று கூறுவது பாதி உண்மையே.

கருத்து 3: "உண்டதும் வயிறு உப்புகிறது, எரிகிறது."

இது கற்பனையன்று. பூண்டிலும் வெங்காயத்தாளிலும் உள்ள சில மாவுச்சத்து வகைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்று வாயுவை உண்டாக்கும். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்களுக்கு இதனால் வயிற்று உப்புசமும் வலியும் கூடலாம். மிளகாயும் புளிப்பும் நெஞ்செரிச்சலைத் தூண்டலாம். நார்ச்சத்துக் குறைவாக உண்டு பழகியவர்கள் திடீரென அதிகமாக உண்ணும்போது முதல் சில வாரங்கள் தொல்லை இருந்து, பின்னர் குறைவதும் உண்டு. சிறு அளவில் தொடங்குவதும், வெறும் வயிற்றில் உண்ணாமல் சோற்றோடு உண்பதும் உதவும். தொல்லை தொடர்ந்தால் மிளகாய் சேர்க்காத வெள்ளைக் கிம்ச்சியை முயன்று பார்க்கலாம். ஆனால் அதிலும் பூண்டு இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளவும்.

கருத்து 4: "கிம்ச்சி உண்டால் வயிற்றுப் புற்றுநோய் வரும்."

புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, ஆசிய மரபு முறையில் ஊறவைக்கப்பட்ட காய்கறிகளை 'புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம்' என்னும் 2பி பிரிவில் 1993ஆம் ஆண்டு வகைப்படுத்தியது. இவ்வகைப்பாடு சான்றின் வலிமையைக் குறிக்கிறது. ஆபத்தின் அளவைக் குறிப்பதில்லை. மிகுதியான உப்பு இரைப்பையின் உட்படலத்தைப் பாதிக்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. புகைபிடித்தல் அதை மேலும் உயர்த்துகிறது. தென்கொரியாவில் வயிற்றுப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுவதால், 40 வயதிற்கு மேற்பட்டோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை செய்யும் தேசியத் திட்டம் அங்கு நடைமுறையில் உள்ளது. உங்களுக்கு அச்சம் இருந்தால், கிம்ச்சியை முற்றிலும் விலக்குவதைவிட, மொத்த உப்பைக் குறைப்பதும், புகையை நிறுத்துவதும், தகுதி இருப்பின் பரிசோதனை செய்துகொள்வதும் பயன் தரும்.

கருத்து 5: "வெறும் காய்கறிதானே, சைவம்தான்."

இது தவறாக முடியக்கூடிய கருத்து. முன்னர்க் கூறியபடி, பெரும்பாலான கிம்ச்சியில் இறாலோ மீன் சாறோ கலந்திருக்கும். கண்ணுக்கும் நாவுக்கும் அது தனியே தெரிவதில்லை. சைவ உணவினருக்கு இது மனவருத்தம் தரும் செய்தி; இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கோ உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தில் விற்கப்படும் கிம்ச்சியில் ஒவ்வாமைப் பொருள்கள் அச்சிடப்பட்டிருக்கும். உணவகத்தில் தரப்படும் கிண்ணத்தில் எதுவும் அச்சிடப்பட்டிருக்காது. கேட்டுத்தான் அறிய வேண்டும். கொரியப் புத்த மடங்களின் மரபில் செய்யப்படும் கிம்ச்சியில் மீன், இறால் மட்டுமின்றிப் பூண்டும் வெங்காயமும் சேர்க்கப்படுவதில்லை. அவ்வகை கிடைக்கும் இடத்தில் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

புறநோயாளர் பிரிவில் கண்ட ஒரு நிகழ்வு

கொரியத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும், ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தபோது, மனைவியின் வற்புறுத்தலால் என்னிடம் வந்தார். அவரது இரத்த அழுத்தம் 170/104 இருந்தது. ஊரிலிருந்து புறப்பட்டபோது மாத்திரையால் கட்டுக்குள் இருந்த அழுத்தம் அது. உணவைப் பற்றிக் கேட்டபோது, விடுதியில் மூன்று வேளையும் கிம்ச்சி உண்பதாகவும், இரவில் பெரும்பாலும் நூடுல்ஸும் கிம்ச்சியும்தான் என்றும் கூறினார். மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது சற்றுத் தயங்கினார். உடன் தங்கியிருந்தவர்கள் கிம்ச்சி இரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று கூறியதாலும், கொண்டுசென்ற மாத்திரைகள் தீர்ந்துவருவதாலும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் உட்கொண்டு, பின்னர் நிறுத்திவிட்டதாகக் கூறினார்.

"அப்படியென்றால் இனி கிம்ச்சியைத் தொடக் கூடாதா, டாக்டர்?" என்பதே அவரது முதல் கேள்வி. அவரது அழுத்தம் ஏறியதற்கு உப்பு ஒரு காரணம். மாத்திரையை நிறுத்தியது அதைவிடப் பெரிய காரணம். மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ளவும், நூடுல்ஸ் சாற்றைக் குடிக்காமல் விடவும், கிம்ச்சியை ஒரு நாளில் ஒரு வேளைக்குச் சிறு கிண்ணம் என்று வரையறுத்துக்கொள்ளவும் அறிவுறுத்தினேன். அங்கு சென்றபின் மருந்து தீருமுன்பே உள்ளூர் மருத்துவரைக் காண வேண்டும் என்பதையும் மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். பணிக்குத் திரும்புமுன் அவரது அழுத்தம் 138/86 ஆகக் குறைந்திருந்தது. அடுப்பங்கரையில் இருந்த பழக்கத்தைக் காட்டிலும், மாத்திரைப் பெட்டியில் நிகழ்ந்த மாற்றமே அவருக்கு ஆபத்தாக இருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

யார் யார் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்?

உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள்: ஒரு நாளைக்கு ஒரு சிறு கிண்ணத்திற்கு மேல் வேண்டாம், அதையும் மொத்த உப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் நாள்தோறும் காலையில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாள்களில் 2 கிலோவிற்கு மேல் எடை கூடினால், அல்லது கால் வீங்கினால், உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள், மருத்துவரை அணுகவும்.

நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள்: உப்பு, பொட்டாசியம் இரண்டும் உங்களுக்குக் கவலைக்குரியவை. கிம்ச்சி உண்ணலாமா, எவ்வளவு என்பதை உங்கள் சிறுநீரக மருத்துவரே கூற வேண்டும். 'சோடியம் குறைக்கப்பட்டது' என்று விற்கப்படும் பொருள்கள் சிலவற்றில் சாதாரண உப்பிற்குப் பதிலாகப் பொட்டாசியம் உப்பு சேர்க்கப்படுவது உண்டு. மற்றவர்களுக்கு நன்மையான அப்பொருள் உங்களுக்குத் தீங்காகலாம்.

வார்ஃபரின் உட்கொள்பவர்கள்: முட்டைக்கோஸில் வைட்டமின் கே உள்ளது, அது வார்ஃபரின் மருந்தின் செயலைக் குறைக்கும். கிம்ச்சியை விலக்க வேண்டும் என்பதில்லை. அளவு நாளுக்கு நாள் பெரிதும் மாறக் கூடாது என்பதே முக்கியம். ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்ற நிலைதான் ஆபத்து. நாடு மாறி உணவு மாறும்போது ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனையை வழக்கத்தைவிட விரைவாகச் செய்துகொள்ளுங்கள். கொரியாவில் பரவலாக உண்ணப்படும், நொதித்த சோயாவில் செய்யும் 'செங்குக்ஜாங்' குழம்பும், கடற்பாசி உணவுகளும் இக்கணக்கில் சேரும்.

காசநோய் மருந்து உட்கொள்பவர்கள்: நீண்ட நாள் நொதித்த உணவுகளிலும் உப்பிட்ட மீன், இறாலிலும் டைரமின், ஹிஸ்டமின் என்னும் பொருள்கள் கூடுதலாக இருக்கும். ஐசோனியாசிட் உட்கொள்பவர்களுக்கு இவ்வுணவுகளால் முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு, வியர்வை ஆகியவை சில வேளைகளில் ஏற்படலாம். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குத் தரப்படும் லினசோலிட் மருந்திற்கும் டைரமின் தொடர்பான எச்சரிக்கை உண்டு; இரத்த அழுத்தம் திடீரென ஏறக்கூடும். இத்தகைய அறிகுறி தோன்றினால் நிறுத்த வேண்டியது அந்த உணவை. மருந்தைத் தாமாக நிறுத்தவே கூடாது. உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மனச்சோர்வு, பார்க்கின்சன் நோய் ஆகியவற்றிற்குத் தரப்படும் சில மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உங்கள் மருந்துச் சீட்டைக் காட்டிக் கேட்டறியவும்.

உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையில் இருப்பவர்கள்: நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும் காலத்தில் சமைக்காத கிம்ச்சியைத் தவிர்ப்பது பாதுகாப்பானது. நன்கு கொதிக்க வைத்த உணவில் சேர்ந்த கிம்ச்சியைச் சிறு அளவில் உண்ணலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கருவுற்ற பெண்கள்: தூய்மையாகத் தயாரித்துக் குளிரில் வைக்கப்பட்ட கிம்ச்சியைச் சிறு அளவில் உண்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை. எங்கு, எப்போது செய்தது என்று தெரியாததைத் தவிர்க்கவும். இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தால் உங்கள் மருத்துவர் கூறும் உப்பின் அளவையே பின்பற்றவும்.

நீரிழிவு உள்ளவர்கள்: கிம்ச்சியால் இரத்தச் சர்க்கரை பெரிதாக உயர்வதில்லை. ஆனால் காரமும் புளிப்பும் சோற்றை அதிகம் உண்ணத் தூண்டும். சோற்றின் அளவை முதலில் தட்டில் வைத்துக்கொண்டு, பின்னர்க் கிம்ச்சியை எடுப்பது நல்ல பழக்கம்.

அளவோடு உண்பதற்கான வழிகள்

1. பொதுக் கிண்ணத்திலிருந்து நேராக எடுத்து உண்ணாமல், உங்கள் பங்கை ஒரு சிறு கிண்ணத்தில் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்ததும் மீண்டும் நிரப்ப வேண்டாம்.

2. கிம்ச்சியின் அடியில் தேங்கும் சாற்றைச் சோற்றில் ஊற்ற வேண்டாம். உப்பின் கணிசமான பகுதி அதில் கரைந்திருக்கும்.

3. உப்போ காரமோ மிகுதியாகத் தோன்றினால், உண்ணுமுன் நீரில் அலசிப் பிழிந்துகொள்ளலாம். நன்கு புளித்த கிம்ச்சியைக் கொரியர்களும் அவ்வாறு அலசிப் பயன்படுத்துவது உண்டு.

4. ஒரே வேளையில் கிம்ச்சி, குழம்பு, நூடுல்ஸ் மூன்றும் வேண்டாம். கிம்ச்சி உண்ணும் வேளையில் உப்பிடாத சோறு, முட்டை, வெள்ளரி, கீரை போன்றவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. குழம்பில் உள்ள காய்கறி, இறைச்சி ஆகியவற்றை உண்டு, சாற்றை மீதம் வையுங்கள்.

6. பொட்டலத்தில் சோடியம் மில்லிகிராமில் அச்சிடப்பட்டிருக்கும். 400 மில்லிகிராம் சோடியம் ஏறத்தாழ 1 கிராம் உப்பிற்குச் சமம் என்று கொண்டால் கணக்கு எளிதாகும்.

மறுக்கத் தயங்காதீர்கள்

"வேண்டாம் என்றால் தவறாக எண்ணுவார்களோ" என்ற தயக்கமே பலரை அளவுக்கு மீறி உண்ண வைக்கிறது. நோயின் காரணத்தைக் கூறினால் எந்தப் பண்பாட்டிலும் புரிந்துகொள்வார்கள். "ஜோகும்மான் ஜுசேயோ" என்றால் "கொஞ்சம் மட்டும் தாருங்கள்" என்று பொருள். "சிங்கொப்கே ஹே ஜுசேயோ" என்றால் "உப்பைக் குறைத்துச் செய்து தாருங்கள்" என்று பொருள். இறாலைக் கொரிய மொழியில் 'சேஉ' என்பர். ஒவ்வாமை உள்ளவர்கள் தமக்கு ஆகாத உணவின் பெயரைக் கொரிய எழுத்தில் எழுதச் செய்து, பணப்பையில் வைத்திருப்பது பேச்சைவிடப் பாதுகாப்பானது.

சேமிப்பும் தூய்மையும்

கிம்ச்சியின் புளிப்பு மணம் கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. மேற்பரப்பில் நிறமுள்ள, பஞ்சு போன்ற பூஞ்சை படிந்திருந்தாலும், குமட்டும் நாற்றம் வீசினாலும், வழுவழுப்பாகக் குழைந்திருந்தாலும் அதை எறிந்துவிட வேண்டும். பூஞ்சையை மட்டும் நீக்கிவிட்டு உண்ணக் கூடாது. எப்போதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஈரமற்ற தூய கரண்டியால் எடுக்கவும். நொதித்தலின்போது வாயு உண்டாவதால், பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பி இறுக மூட வேண்டாம்.

புளிப்பு எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடும் என்று எண்ணக் கூடாது. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் தென்கொரியாவின் நம்வொன் நகரில் நோரோ வைரஸ் கலந்த கிம்ச்சியால் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கிற்கு உள்ளாயினர். விடுதியில் கூட்டாகக் கிம்ச்சி தயாரிப்பவர்கள் கைகளைச் சோப்பு இட்டுக் கழுவ வேண்டும். வயிற்றுப்போக்கு உள்ளவர் தயாரிப்பில் பங்கேற்கக் கூடாது.

எப்போது உடனடி மருத்துவ உதவி தேவை?

கீழ்க்காணும் அறிகுறிகளில் ஏதேனும் ஒன்று தோன்றினால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்லவும். தென்கொரியாவில் அவசர ஊர்தியை அழைக்கும் எண் 119.

• உண்ட சிறிது நேரத்தில் உதடு, நாக்கு, தொண்டை வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம்.

• கடும் தலைவலி, நெஞ்சுவலி, பார்வை மங்குதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி. குறிப்பாக, இரத்த அழுத்தம் 180/120 அளவையோ அதற்கு மேலோ காட்டும்போது.

• இரத்தம் கலந்த அல்லது கருநிற மலம், இரத்த வாந்தி.

• நிற்காத வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைதல்.

• இதய, சிறுநீரக நோயாளிகளுக்குத் திடீர் வீக்கம், படுத்தால் மூச்சு வாங்குதல்.

ஊரில் இருந்து கவனிக்கும் குடும்பத்தினருக்கு

தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்பது நம் வழக்கம். அதனுடன் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள்: மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது? கடைசியாக எப்போது அழுத்தம் பார்த்தாய்? இரவில் என்ன சாப்பிடுகிறாய்? முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால், மருந்து விட்டுப்போயிருக்கலாம் என்று கருதுங்கள். அவர் புறப்படும்போது, மருந்தின் வணிகப் பெயரோடு அதன் மூலப்பெயரும் அளவும் எழுதப்பட்ட மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்தனுப்புங்கள்; வெளிநாட்டு மருத்துவருக்கு மூலப்பெயரே பயன்படும்.

தென்கொரியாவில் ஆறு மாதங்களுக்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் அந்நாட்டு தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டும் என்ற விதி 2019 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வாறு சேர்ந்தவர் அங்குள்ள மருத்துவரிடமே தொடர் சிகிச்சை பெறலாம். மொழித் தடை இருப்பின், வெளிநாட்டவருக்கான 1345 என்னும் அரசு உதவி எண்ணில் பல மொழிகளில் தகவல் பெறலாம்.

நினைவில் கொள்ள வேண்டியவை

கிம்ச்சி ஒரு நல்ல துணைக்கறி. அதை மருந்தாகவும் கருத வேண்டாம், நஞ்சாகவும் அஞ்ச வேண்டாம். ஒருவரின் அனுபவம் அவரது உடலுக்கு உரியது. உங்கள் அளவை உங்கள் நோயும் உங்கள் மருந்தும் முடிவு செய்யட்டும். அடுத்த முறை யாரேனும் "கிம்ச்சி சாப்பிட முடிகிறதா?" என்று கேட்டால், "முடிகிறது, ஒரு சிறு கிண்ணம்" என்று நிறைவோடு கூறுங்கள். அன்றைய மாத்திரையையும் மறவாமல் உட்கொள்ளுங்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான விழிப்புணர்வுக்கான தகவல்கள் ஆகும். இவை உங்கள் மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.